இருபது முகப் பகடை

இந்தப் பகடையின் நவீன வடிவம் பிறந்தது ஆட்டத்துக்காக அல்ல. போருக்குப் பிந்தைய ஜப்பானில், தரநிர்ணயச் சங்கம் இதைத் தொழிற்சாலைச் சரக்கின் மாதிரிச் சோதனைக்காகச் செய்தது. எந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது? உருட்டு, வரும் எண் சொல்லும். அதனால் இருபது முகங்களிலும் 0 முதல் 9 வரை இரண்டு முறை பொறித்திருந்தார்கள்.

அமெரிக்காவில் இது கணக்கு வாத்தியார்களின் கையில் சேர்ந்தது. பள்ளிச் சாமான் விற்கும் பட்டியல் ஒன்றில் பல முகப் பகடைகளைப் பார்த்த கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குள் அவற்றை இழுத்துக்கொண்டார். 1974-ல் வெளிவந்த முதல் பதிப்பு 1,000 பிரதிதான். ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் அதில் பாத்திரங்கள். வாளை வீசினாய், பட்டதா? உருட்டு.

அன்றைய பிளாஸ்டிக் மட்டமானது. உருட்ட உருட்ட விளிம்பு மழுங்கிக் கூழாங்கல்லாகிவிடும். பாதி முகங்களின் எண்களுக்கு ஒரு நிறமும் மீதிக்கு இன்னொன்றும் க்ரேயானால் தீட்டினால்தான் 3 எது, 13 எது என்று தெரியும். இவ்வளவு தொல்லையையும் சகித்துக்கொண்டு ஆடினார்கள் என்பதே ஆட்டத்தின் ருசிக்குச் சாட்சி.

கைமாறிய ஆட்டம் 1999-ல் ஹாஸ்ப்ரோவிடம் வந்தது. மறு ஆண்டு ஒரு சாமர்த்தியம் செய்தார்கள்: விதிகளின் அடித்தளத்தை எவரும் இலவசமாக எடுத்துப் புத்தகம் போடலாம் என்று உரிமம் கொடுத்தார்கள். அதன் சின்னமே 'டி20', அதாவது இருபது முகப் பகடை. தானம் போலத் தெரிந்தது, வலை அது. எதிரியாக வளர்ந்த பாத்ஃபைண்டரும் இதே பகடையைத்தான் உருட்டியது.

சிறிய ஆட்டங்கள் சளைத்தவை அல்ல. லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸின் விதிகள் ஒரே பக்கம். டிரெட்டில் பகடையே இல்லை. ஜெங்கா கோபுரத்திலிருந்து கட்டையை உருவும்போது கை நடுங்குவதே பயம். என் கணக்கில் இதைவிட நேர்த்தியான திகில் விதி கிடையாது. ஆனால் இவை தனியாக ஆடுகிறவை அல்லவே. நாலு பேர் ஒரே மாலையில் கூட வேண்டும். அந்த நாலு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்தது எதுவோ, அதுவே மேசைக்கு வரும். விதியின் தரம் அங்கே இரண்டாம் பேச்சு. 2023 ஜனவரியில் ஹாஸ்ப்ரோ அந்த இலவச உரிமத்தை இறுக்கப் பார்த்து, ஆட்டக்காரர்களின் கோபத்தில் பின்வாங்கியது. அப்போதும் பெரும்பாலோர் ஆட்டத்தை மாற்றவில்லை.

ஜப்பானில் ராஜா வேறு. அங்கே முதலிடம் கால் ஆஃப் கதுலு என்ற ஆட்டத்துக்கு. அந்த மேசைகளில் பெரும்பாலும் உருள்வது இரண்டு பத்து முகப் பகடைகள், 0 முதல் 9 வரை.