இமயத்தில் ஒரு இரண்டாம் பிரிவு

துவார் போரில் தோற்ற பூடான், 1865-ல் சிஞ்சுலா உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அசாமையும் வங்காளத்தையும் ஒட்டிய வளமான அடிவார நிலங்கள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அதற்கு ஈடாகப் பூடானுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 50,000 ரூபாய். பறிகொடுத்த மண்ணில் பிறகு தேயிலைத் தோட்டங்கள் செழித்தன.

1910 தொடக்கத்தில் சீனப்படை லாசாவை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. பூடான் சீனாவின் பக்கம் போய்விடுமோ என்ற கவலை கல்கத்தாவைப் பிடித்துக்கொண்டது. புனாகாவில் புது ஒப்பந்தம் எழுதினார்கள். மானியம் ஒரு லட்சமானது. உள்நாட்டு ஆட்சியில் ஆங்கிலேயர் தலையிட மாட்டார்கள். ஆனால் வெளியுறவில் அவர்கள் சொல்லும் ஆலோசனைப்படியே பூடான் நடக்க வேண்டும்.

வெள்ளையர் போனபின் அந்த வரியும் போயிருக்க வேண்டும். போகவில்லை. 1949 ஆகஸ்ட் 8 அன்று டார்ஜிலிங்கில் கையெழுத்தான இந்திய-பூடான் உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவாக அது மறுபடி வந்து உட்கார்ந்தது. மானியம் 5 லட்சமாக உயர்ந்தது, தேவான்கிரியில் 32 சதுர மைல் நிலம் திரும்பக் கிடைத்தது. இவை நல்ல செயல்கள்தான். என்றாலும் அடிமைத்தளையை அறுத்து இரண்டே ஆண்டுகளான ஒரு நாடு, தன் எஜமானன் எழுதிய நிபந்தனையைச் சின்னஞ்சிறு அண்டை நாட்டின்மீது ஏற்றியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

நேரு அந்தப் பிரிவை அதிகாரமாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1958-ல், மோட்டார் சாலையே இல்லாத காலத்தில், திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக மலையேறி பாரோ போய்ச் சேர்ந்தார். பூடான் சுதந்திர நாடாகவே இருக்க வேண்டும் என்று அந்த மக்கள் முன்னிலையில் பேசினார். 1971-ல் பூடான் ஐ.நா. உறுப்பினரானபோது இந்தியா துணை நின்றது.

ஆனாலும் அந்த வரி நீங்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேசநலன் சார்ந்த விஷயங்களில் இரு நாடுகளும் நெருங்கி ஒத்துழைக்கும் என்று அன்று திருத்தி எழுதினார்கள்.

ஏட்டில் மாறியது நடப்பிலும் மாறியதா? 2013 ஜூலையில், பூடான் பொதுத்தேர்தல் இறுதிச் சுற்றுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தந்துவந்த மானியத்தை டெல்லி நிறுத்தியது. ஐந்தாண்டுத் திட்டக் காலம் முடிந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். திம்பு வீடுகளில் அடுப்பெரிப்பதே பெரும்பாடானது. ஆளுங்கட்சி தோற்றது. புதிய பிரதமர் வந்தார், மானியமும் திரும்பி வந்தது. பெரிய நாடு செய்யக்கூடாத காரியம் அது.

அடுத்த வாரம் காட்மாண்டு. 1950-ல் அங்கே கையெழுத்தான உடன்படிக்கையில் நேபாளத்தின் சார்பில் ஒப்பமிட்டவர் அந்நாட்டுப் பிரதமர்; இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டவர் ஒரு தூதர்.