நுண்பால்மப் பலபடியாக்கல்

நுண்பால்மப் பலபடியாக்கல் என்பது பரப்பு இயங்கு பொருள்களின் துணையுடன் உருவாக்கப்படும் மிகச்சிறு துளிகளுக்குள் ஒருபடிகளை வினைப்படுத்திப் பலபடி நானோ துகள்களைத் தயாரிக்கும் முறையாகும். இம்முறையில் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் குறைவான, ஏறத்தாழ ஒரே அளவுடைய துகள்கள் கிடைக்கின்றன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்காகும். இந்தியாவில் இம்முறை தில்லிப் பல்கலைக்கழகத்தில் மருந்தேற்றத் துகள்களுக்காக ஆராயப்பட்டது.

பால்மமும் நுண்பால்மமும்

எண்ணெயும் நீரும் தாமாகக் கலப்பதில்லை. சோப்பைப் போன்ற பரப்பு இயங்கு பொருளின் மூலக்கூறில் நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உள்ளன. இம்மூலக்கூறுகள் இரு நீர்மங்களுக்கும் இடையே அமைந்து துளிகளைப் பிரித்து வைக்கின்றன. சாதாரண பால்மம் வெண்ணிறமானது, நாளடைவில் பிரிந்துவிடும். நுண்பால்மத்தின் துளிகள் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரையே இருப்பதால் அது தெளிவாகத் தோன்றும், தானே உருவாகும், வெப்ப இயக்கவியல்படி நிலையானது. எண்ணெயில் நீர்த்துளிகள் அமைந்த வகை தலைகீழ் நுண்பால்மம் எனப்படும்.

வரலாறு

1943-ல் ஓர், சுல்மான் ஆகியோர் இத்தகைய தெளிந்த கலவைகளைப் பற்றி எழுதினர். நுண்பால்மம் என்னும் பெயர் 1959-ல் வழங்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவற்றுக்குள் பலபடியாக்கல் நிகழ்த்தப்பட்டது. அதே பத்தாண்டில் பிரான்சில் பிரான்சுவாசு காண்டோவும் குழுவினரும் தலைகீழ் நுண்பால்மத்தில் அக்ரிலமைடைப் பலபடியாக்கினர்.

செய்முறை

எக்சேனில் ஏ.ஓ.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பரப்பு இயங்கு பொருள் கரைக்கப்படுகிறது. (இதே சேர்மம் டோக்குசேட்டு சோடியம் என்ற பெயரில் மலமிளக்கியாகவும் பயன்படுகிறது.) நீரில் கரைந்த ஒருபடியும் குறுக்குப் பிணைப்பானும் இதனுடன் சேர்க்கப்படுகின்றன. நைட்ரசன் வாயுவைச் செலுத்தி ஆக்சிசன் வெளியேற்றப்படுகிறது; ஆக்சிசன் இருப்பின் தனி உறுப்புகள் அழிந்து வினை தடைப்படும். பின்னர் அம்மோனியம் பெர்சல்பேட்டு போன்ற துவக்கி இடப்படுகிறது.

நீருக்கும் பரப்பு இயங்கு பொருளுக்கும் இடையேயான மோல் விகிதமே துளியின் அளவைத் தீர்மானிக்கிறது. இவ்விகிதம் 10 எனில் நீர்த்துளியின் ஆரம் ஏறத்தாழ 1.5 முதல் 2 நானோமீட்டர். எனினும், துளிகள் மோதி உள்ளடக்கத்தைப் பரிமாறிக்கொள்வதால் இறுதித் துகள் தொடக்கத் துளியைவிடப் பெரிதாகவே அமையும்.

பரப்பு இயங்கு பொருளை நீக்குதல்

துகளின் அளவைக் கட்டுப்படுத்தும் பொருளே இம்முறையின் முதன்மையான இடர்ப்பாடும் ஆகும். சாதாரண பால்மப் பலபடியாக்கலுக்குச் சில விழுக்காடு பரப்பு இயங்கு பொருள் போதும். நுண்பால்மத்துக்கோ பெரும்பாலும் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். அது மருந்தில் எஞ்சியிருத்தல் விரும்பத்தக்கதன்று. எனவே எக்சேனை ஆவியாக்கியபின், துகள்கள் நீரில் பரப்பப்பட்டு, கால்சியம் குளோரைடு கரைசல் துளித்துளியாகச் சேர்க்கப்படுகிறது. ஏ.ஓ.டி. கால்சியம் உப்பாக வீழ்படிவாகிறது. எஞ்சியவை சவ்வூடு பிரிப்பால் அகற்றப்படுகின்றன. செலவைக் கூட்டும் இப்படிகளால் தொழிற்சாலைகளில் இம்முறை அருகியே கையாளப்படுகிறது.

இந்திய ஆய்வுகள்

தில்லிப் பல்கலைக்கழக வேதியியலாளர் அமர்நாத் மைத்ராவும் உடன் ஆய்வாளர்களும் நீர்நாட்டமுள்ள பலபடி நானோ துகள்களைத் தலைகீழ் மிசெல்களில் தயாரிக்கும் முறைக்கு 1999-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். இரத்தத்தில் செலுத்தப்படும் பெரிய துகள்களைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் விரைவில் அகற்றிவிடுகின்றன. 100 நானோமீட்டருக்குக் குறைந்த, நீர்நாட்டமுள்ள துகள்கள் அவற்றிடமிருந்து தப்பி நெடுநேரம் சுற்றிவர இயலும் என்பதே இவ்வளவு சிறிய துகள்கள் நாடப்பட்டதன் காரணம்.

சேலம், ஈரோடு மாவட்டங்களில் விளையும் மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் நீரில் மிகச் சிறிதளவே கரைவதால் உடலில் போதிய அளவு சேர்வதில்லை. மைத்ராவும் அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2007-ல் குர்க்குமினை ஏறத்தாழ 50 நானோமீட்டர் அளவுள்ள பலபடித் துகள்களில் அடைத்து வெளியிட்ட ஆய்வில், அது நீரில் எளிதில் பரவுவதாகக் காட்டினர். இத்துகள்கள் நுண்பால்மத்தில் அன்றி, தாமே மிசெல்களாகத் திரளும் ஒருபடிகளைக் கொண்டு நீரிலேயே தயாரிக்கப்பட்டன. எண்ணெய்க் கரைப்பானும் தனியாகச் சேர்க்கும் பரப்பு இயங்கு பொருளும் இதனால் தேவைப்படவில்லை.