கலக்கிய நீரும் டி-ஃப்ளாட் மேஜரும்

ஷூபர்ட்டின் 'டி ஃபொரெல்ல' (ட்ரௌட் மீன்) பாட்டைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் பெரும்பாலும் மூன்று விஷயங்களோடு முடிந்துவிடுகின்றன. சுருதிநிலை டி-ஃப்ளாட் மேஜர். காலப்பிரமாணம் ஓரளவு துடிப்பானது. பாவம் குதூகலம். முதல் இரண்டும் தாளில் அச்சாகியிருக்கின்றன, சரி. மூன்றாவதை யார் தீர்மானித்தது? அந்தப் பாட்டில் ஒரு உயிர் ஏமாற்றிப் பிடிக்கப்படுகிறது. கரையில் நிற்கிறவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதில் குதூகலம் எங்கேயிருந்து வந்தது?

கவிதையை எழுதியவர் கிறிஸ்தியான் ஷூபார்ட். இசையமைத்தவர் ஷூபர்ட். பெயர்கள் நம்மைக் குழப்பும் என்பதால் முன்னவரைக் கைதி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவர் கைதியாகத்தான் அதை எழுதினார்.

1774இல் 'டாய்ச்ச க்ரோனிக்' என்கிற பத்திரிகையைத் தொடங்கியவர் இந்த ஆள். வூர்ட்டம்பெர்க் கோமகன் கார்ல் ஒய்கன் தன் குடிமக்களைக் கூலிப்படைக்கு விற்பது, அரண்மனை ஆடம்பரம், பாதிரிமார் ஆதிக்கம் என்று எதையும் விடாமல் எழுதியவர். அவர் இருந்த உல்ம் நகரம் கோமகனின் அதிகாரத்துக்கு வெளியே இருந்தது, அங்கே கைவைக்க முடியாது. அதனால் 1777 ஜனவரியில் நட்பாக அழைப்பதுபோல் அழைத்து, எல்லைக்குள் இருந்த ப்ளௌபாய்ரன் ஊருக்கு வரவைத்துப் பிடித்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. ஹோஹனாஸ்பெர்க் கோட்டையில் பத்து வருஷம். தொடக்கத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தனிமைச் சிறை. 1787இல் விட்டார்கள், 1791இல் செத்துப்போனார்.

இதைத் தெரிந்துகொண்டு கவிதையைப் படித்துப் பாருங்கள். தெளிந்த ஓடையில் மீன் துள்ளுகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை தூண்டில்காரனால் ஒன்றும் செய்ய முடியாது. பொறுமை போய் அவன் நீரைக் கலக்குகிறான், மீன் மாட்டுகிறது. உல்ம் தெளிந்த நீர், ப்ளௌபாய்ரன் கலங்கிய நீர். இவ்வளவு வெளிப்படையாக எழுதிவிட்டுக் கோட்டைக்குள் உயிரோடு இருக்க முடியுமா? கடைசிக் கண்ணியில் இளம்பெண்களுக்கு ஒரு புத்திமதி வைத்தார்: தூண்டிலோடு வரும் ஆண்களிடம் ஜாக்கிரதை. அது முகமூடி என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனால் முகமூடிக்கும் பெண்களின் ஒழுக்கம்தான் கைக்கு அகப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1817இல் இசையமைத்தபோது ஷூபர்ட் அந்தக் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டார். முகமூடி கழன்றது. ஆனால் முகம் தெரிந்ததா? கைதியின் கதை மறந்துபோன இடத்தில் மீன் வெறும் மீனாகிவிட்டது.

இன்னொன்று. இந்தக் கைதி சங்கீதக்காரரும்கூட. சிறையிலேயே 1784-85இல் இசையின் அழகியல் பற்றி ஒரு நூல் சொல்லி எழுதவைத்தார். அவர் இறந்தபின் 1806இல் அது அச்சானது. ஒவ்வொரு சுருதிநிலைக்கும் ஒரு குணம் என்று ஒரு பட்டியல் அதில் வருகிறது. நம்மூர் ராகம்-ரசம்-வேளைப் பட்டியல் மாதிரி. (நம்மவருக்கு இது விசித்திரமாகப் படலாம். ஒன்றரைக் கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் தோடி தோடிதானே!) அன்றைய சுருதியமைப்பில் எல்லா இடைவெளியும் சமமாக இல்லை. ஃப்ளாட்டுகள் கூடக்கூட காந்தாரம் கொஞ்சம் கரகரத்தது. ஆகவே பட்டியல் வெறும் கற்பனையும் இல்லை. அதில் டி-ஃப்ளாட் மேஜருக்கு என்ன குணம்? அது நேராகப் பார்க்காத சுருதியாம். வாய்விட்டுச் சிரிக்கவும் தெரியாது, கதறி அழவும் தெரியாது. புன்னகைக்கும், அழுவதுபோல முகத்தைச் சுளிக்கும்.

ஷூபர்ட் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சுருதியைத் தேர்ந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. 1819இல் இதே மெட்டை ஐவர் கருவியிசையில் வைத்தபோது டி-மேஜருக்கு மாற்றினார். தாழ்ந்த குரல்காரர்கள் சுருதியை இறக்கித்தான் பாடுகிறார்கள். காலப்பிரமாணமும் நிலையில்லை. அவர் விட்டுப்போன கையெழுத்துப் படிகளில் ஒன்றில் மிதமாக என்று இருக்கிறது, அச்சில் ஓரளவு துடிப்பாக என்றாயிற்று. பாவத்தைச் சுருதியிலும் வேகத்திலும் மட்டும் தேடினால் கை வெறுங்கைதான்.

கட்டமைப்பைப் பாருங்கள். முதல் இரண்டு கண்ணிக்கும் ஒரே மெட்டு, பியானோவில் நீர் துள்ளும் அதே ஜதி. மூன்றாவதில் நீரைக் கலக்கும்போது ஜதி உடைகிறது, மைனர் நிழல் விழுகிறது, சுவரங்கள் நெருக்கியடிக்கின்றன. சில விநாடிதான். மீன் மாட்டியதும், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ரத்தம் கொதிக்கும் இடத்தில், பழைய மெட்டே திரும்புகிறது! ஓடை பழையபடி துள்ளிக்கொண்டு அடங்குகிறது. என்னைத் தொந்தரவு செய்வது அந்த மைனர் இல்லை, இந்தத் திரும்பல்தான். கரையில் நிற்கிறவனின் கோபத்துக்கென்று தனியாக ஒரு மெட்டு கிடையாது.

மெட்டர்னிக்கின் வியன்னாவில் கோபத்துக்கு என்ன மெட்டு இருக்க முடியும்? 1820 மார்ச்சில் நண்பர் யோஹான் சென்னின் அறையில் போலீஸ் சோதனை போட்டது, ஷூபர்ட்டையும் பிடித்தது. ஷூபர்ட்டை எச்சரித்து விட்டுவிட்டார்கள். சென் ஒரு வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்து, பிறகு டிரோலுக்குத் துரத்தப்பட்டார். அதே 1820 டிசம்பரில்தான் இந்தப் பாட்டு ஒரு வியன்னாப் பத்திரிகையின் இணைப்பாக வெளியானது. தணிக்கைக்காரருக்கு அது மீன் பாட்டு.

கைதி 1787இல் இன்னொரு பாட்டும் எழுதினார். கோமகன் டச்சுக் கம்பெனிக்கு விற்று நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பிய சிப்பாய்களின் விடைபெறல் அது. அந்தப் படையில் ஒரு பகுதியை டச்சுக்காரர்கள் பின்னர் இலங்கை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பாட்டைக் கச்சேரி மேடைகளில் கேட்பது அரிது. மீன் பாட்டோ இன்று சாம்சங் சலவை எந்திரம் துணி துவைத்து முடித்ததும் ஒலிக்கிறது, முதல் கண்ணியின் மெட்டில்.