பிறவி மேகப்புண்: பச்சிளங்குழந்தைகளில் தோன்றும் கடும் சிக்கல்கள்

சிபிலிஸ் எனப்படும் மேகப்புண் நோய்க்குச் சிகிச்சை பெறாத கர்ப்பிணியின் குருதியிலிருந்து, டிரெபோனிமா பாலிடம் என்ற சுருள் வடிவ நுண்ணுயிரி நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைவதால் உண்டாவது பிறவி மேகப்புண் ஆகும். 1905-இல் பெர்லினில் ஷாடின், ஹாஃப்மன் ஆகியோர் கண்டறிந்த இக்கிருமி, தாயைத் தொற்றிய முதல் சில ஆண்டுகளில்தான் கருவுக்கு மிகுதியாகப் பரவுகிறது. கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும், கருவின் உடலெங்கும் நீர் கோத்து வீங்குவதும் இதன் கொடிய விளைவுகள்.

உயிருடன் பிறக்கும் குழந்தைகளுள் பெரும்பாலானவை பிறப்பின்போது நலமாகவே தோன்றுவதுதான் இந்நோயில் மிகவும் அஞ்சத்தக்கது. சில வாரங்களில் மூக்கிலிருந்து முதலில் நீராகவும் பின்னர் சீழும் குருதியும் கலந்தும் சளி வடிய, குழந்தை மூச்சடைத்துப் பால் குடிக்க முடியாமல் திணறுகிறது. கிருமி நிறைந்த அச்சளியைக் கையுறையின்றித் தொடலாகாது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்கள் எழுந்து தோல் உரிவதும், கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி மஞ்சள் காமாலை, குருதிச்சோகை, குருதித் தட்டுகளின் குறைவு ஆகியவை சேர்வதும் உண்டு. நீண்ட எலும்புகளின் முனைகள் அழற்சியுற்றுச் சிதையும்போது, வலி பொறுக்காத குழந்தை கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொள்வதால் அது பக்கவாதம் போலத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் பாரோவின் பெயரால் வழங்கும் இந்தப் போலி வாதத்தில் நரம்புகளுக்குக் கேடு இல்லை. ஆனால் கிருமி மூளையுறையைத் தாக்கினால் வலிப்பும் வளர்ச்சிக் குறைபாடும் நேரலாம். கருவிழி அழற்சி, செவிட்டுத்தன்மை, பிளவுபட்ட வெட்டுப்பற்கள் ஆகியவை 2 வயதுக்குப் பின்னரே வெளிப்படுகின்றன.

தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் குருதியிலும் கலந்திருப்பதால், சோதனையில் நோய் தென்படுவது மட்டுமே சான்றாகாது. குழந்தையின் எதிர்ப்பொருள் அளவு தாயினுடையதைவிட 4 மடங்கோ அதற்கு மேலோ இருப்பின் தொற்று பெரிதும் உறுதியாகிறது. அத்தகைய குழந்தைக்கு 10 நாள் பெனிசிலின் தரப்படுகிறது. எனினும் சிதைந்த மூக்கெலும்பையோ இழந்த செவிப்புலனையோ அம்மருந்து மீட்டுத் தராது என்பதால், கர்ப்பகாலத் தொடக்கத்திலேயே தாயின் குருதியைச் சோதித்து, பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகப் பெனிசிலின் செலுத்துவதே சரியான வழி. இவ்வாறு அனைத்துக் கர்ப்பிணிகளையும் சோதிக்கும் முறையைப் பேணிய இலங்கை, தாயிடமிருந்து சேய்க்கு மேகப்புண் பரவுவதை ஒழித்த நாடாக 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அமெரிக்காவிலோ 2012-இல் 335 ஆக இருந்த பிறவி மேகப்புண் பாதிப்புகள் 2022-இல் 3,700-ஐத் தாண்டின.