தூது

தூது என்ற சொல் வடமொழியின் ‘தூத’ என்பதோடு உறவுடையது. தமிழில் அது செய்தியையும் குறிக்கும், செய்தி கொண்டு செல்பவரையும் குறிக்கும். திருக்குறளின் 69ஆம் அதிகாரத்துக்கே தூது என்றுதான் பெயர். 1961இல் ஃபிரான்சுவா ஜேக்கபும் ஜாக் மோனோவும் ‘மெசெஞ்சர்’ என்று பெயரிட்ட ஆர்.என்.ஏ.வைத் தமிழில் தூது ஆர்.என்.ஏ. (எம்.ஆர்.என்.ஏ.) என்கிறோம். இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்பேன். செய்தியும் அந்த மூலக்கூறுதான், சுமந்து செல்வதும் அதுதான். உட்கருவில் டி.என்.ஏ. வைத்திருக்கும் குறிப்பின் படியாக வெளியே வந்து, புரதம் கட்டும் ரைபோசோமிடம் சேர்கிறது; வேலை முடிந்ததும் சிதைந்துவிடுகிறது.

தூதர் மறுமொழியோடு திரும்புவார், இது திரும்புவதில்லையே என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான், ஆனால் சிகிச்சைக்கு அந்த நிலையாமையே பலம். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்னும் மருந்து, பரம்பரை அமிலாய்டு நோயாளிகளின் கல்லீரலில் டிரான்ஸ்தைரெட்டின் புரதத்துக்கான தூதை வழியிலேயே நறுக்க வைக்கிறது. மரபணு அப்படியே இருக்கும். செய்திதான் போய்ச் சேராது. புதிய தூதுகள் புறப்பட்டுக்கொண்டே இருப்பதால் மருந்தையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிரையில் ஏற்ற வேண்டியிருக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. கோவிட் தடுப்பூசியிலோ புதுத் தூது ஒன்றை நாமே அனுப்புகிறோம். அது உட்கருவுக்குள் நுழைவதில்லை. அதை ‘மரபணுவை மாற்றும் ஊசி’ என்று எழுதுவது தூதனை அரசனாக்கும் பிழை. தூது என்றே எழுதுங்கள்.