மந்தை காத்த நாய்கள்

விலங்கைப் பழக்குதல் என்றவுடன் கோலும் கட்டளையுமே பலருக்கு நினைவில் எழும். ஆயின், மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்காகிய நாயின் வரலாறு இக்கருத்தை முற்றும் ஏற்பதில்லை. இயல்பை அறியாது அளித்த பயிற்சி வீணாயிற்று; இயல்பை அறிந்து அளித்த பயிற்சி பயன் தந்தது. மந்தைக் காவல் நாயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஆட்டு மந்தையோடு தொடர்புடைய நாய்கள் இருவகைப்படும். ஒன்று, ஆடுகளை வளைத்து ஓட்டும் நாய். மற்றொன்று, ஓநாய், நரி முதலியவற்றினின்று ஆடுகளைக் காக்கும் நாய். இரண்டாம் வகையைச் சார்ந்தவையே இத்தாலியின் மரெம்மாவும் துருக்கியின் அனத்தோலிய நாயும்.

இவ்வேறுபாட்டின் அருமையை உரோமானியர் அன்றே உணர்ந்திருந்தனர். கி.மு. 37இல், தமது எண்பதாம் வயதில் வேளாண்மை நூல் யாத்த வர்ரோ என்னும் அறிஞர், மந்தைக்குரிய நாயை வேட்டைக்காரரிடமோ இறைச்சி விற்பவரிடமோ வாங்கலாகாது என்கிறார். முன்னவரின் நாய் முயலையோ மானையோ கண்டால் அதன் பின்னே ஓடிவிடும். பின்னவரின் நாய் மந்தையைப் பின்தொடரச் சோம்பும் என்பது அவர் கூறும் காரணம். அவர் தரும் நிகழ்ச்சி ஒன்றும் கருதத்தக்கது. அவுஃபிதியஸ் என்பார் உம்பிரியாவில் மந்தைகளை நாய்களோடு விலைக்கு வாங்கினார். இடையர்கள் அவற்றைத் தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்தில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பினர். சில நாட்களில் நாய்களும், பல நாள் நடைத்தொலைவைத் தாமே கடந்து, அவ்விடையர்களிடமே வந்து சேர்ந்தன. நாயை விலைக்கு வாங்கலாம். அதன் பற்றை வாங்க இயலாது.

அப்பற்று எங்ஙனம் உண்டாகிறது? இதற்கு விடை கண்டது இருபதாம் நூற்றாண்டு. அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நாய்களின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ, அவரையே தன் இனமாகக் கொள்ளும் என்பது அவர்தம் ஆய்வின் சாரம். இடையர்கள் குட்டிகளை ஆடுகளுக்கிடையே வளர்த்து வந்த வழக்கத்தின் உட்பொருள் இதுவே.

1972இல் அமெரிக்கக் கூட்டரசு நிலங்களில் கொல்விலங்குகளுக்கு நஞ்சிடுதல் தடை செய்யப்பட்டது. மாற்று வழி தேடவேண்டிய அக்காலத்தில், ரேமண்ட் கோப்பிங்கர், லோர்னா கோப்பிங்கர் இணையர் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் காவல் நாய்களைக் கொணர்ந்து பண்ணையாளரிடம் அளித்து ஆராய்ந்தனர். உற்று நோக்கல், பதுங்கிச் செல்லல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல் என்று வேட்டை இயல்பு படிப்படியாக அமைவது. ஓட்டும் நாயிடம் முதற்படிகள் மிகுந்துள்ளன. நல்ல காவல் நாயிடமோ இவ்வேட்கை பெரிதும் அடங்கியுள்ளது. மந்தையை விட்டு நீங்காமை, அதற்குத் தீங்கு செய்யாமை, அதனைக் காத்தல் ஆகிய மூன்றையும் அவ்விணையர் அதன் இலக்கணமாக வகுத்தனர். இந்நாய் பெரும்பாலும் போரிடுவதில்லை. குரைத்தும் இடையே புகுந்தும் பகை விலங்கின் முயற்சியைக் குலைக்கிறது.

இதனை அறிந்தார்க்குப் பயிற்சி எளிதாகும். எட்டு வார அளவில் குட்டியைக் கொட்டிலில் ஆடுகளோடு சேர்த்தல், வீட்டு முற்றத்தில் செல்லமாக வளர்க்காமை, இளமைத் துடுக்கால் ஆட்டுக்குட்டிகளைத் துரத்தி விளையாடும்போது உடனே தடுத்தல் ஆகியவையே முதன்மையானவை. காவலைக் கற்பிக்க வேண்டுவதில்லை. அது கெடாமற் காத்தால் போதும்.

இம்முறை ஆடுகளோடு நின்றுவிடவில்லை. 1994 முதல் நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் அனத்தோலிய நாய்களைப் பண்ணையாளர்க்கு வழங்கியது. மந்தைக்குக் காவல் கிடைக்கவே, சிவிங்கிப்புலிகளைச் சுட்டுக் கொல்லும் தேவை குறைந்தது. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் நகரை அடுத்த மிடில் தீவில் வாழ்ந்த சிறு பென்குயின்கள், நீர் வற்றும் வேளையில் கடந்து வந்த நரிகளால் 2005இல் பத்துக்கும் குறைவாயின. 2006இல் மரெம்மா நாய்கள் காவலுக்கு வைக்கப்பட்டன; பின்னர் அவற்றின் தொகை நூற்றைக் கடந்தது.

ஆசிரியப் பெருமக்களும் பயிற்சி மாணவர்களும் இவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஓட்டும் நாயைக் காவலுக்கும், காவல் நாயை ஓட்டுதற்கும் நிறுத்திவிட்டு நாயைப் பழித்தல் நேர்மையன்று. கற்பிப்போன் முதலில் கற்க வேண்டியது, தன்முன் நிற்கும் உயிரின் இயல்பையே.