பட்டம், கடன், உழைக்கும் வயது: ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

லாபத்துக்காக நடத்தப்படும் இணையவழிப் பல்கலைக்கழகங்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் நம் காதில் விழுகிறது. ஒன்று, உயர்கல்வியை ஜனநாயகப்படுத்திவிட்டோம் என்கிற கொண்டாட்டம். மற்றது, 'பட்டம் விற்கிற கடை' என்கிற ஏளனம். கொண்டாட்டம் யாருடையது என்பது வெளிப்படை. ஏளனம் யாருடையது என்று நாம் அவ்வளவாகக் கேட்டுக்கொள்வதில்லை. பதினெட்டு வயதில் அப்பன் காசில் கல்லூரிக்குப் போய், விடுதியில் தங்கி, மரத்தடியில் அரட்டையடித்து, நூலகத்தில் தூங்கிப் பட்டம் வாங்கியவர்களுடைய ஏளனம் அது. முப்பத்தைந்து வயதில், ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஒருத்தியைப் பார்த்து 'நீ படிக்கிறது படிப்பே இல்ல' என்று சொல்ல இவர்களுக்கு எங்கிருந்து உரிமை வந்தது? நம்மூரில் 'அவன் கரஸ்ல படிச்சவன்' என்று உதட்டைச் சுழிக்கிறவர்களும் இந்த வகையறாதான்.

இந்த ஏளனத்தில் சேராமலும் கொண்டாட்டத்தில் ஏமாறாமலும் இந்த நிறுவனங்களின் மதிப்பை எடை போட வேண்டுமென்றால் அவற்றின் வரலாற்றுக்குள் போயாக வேண்டும். அவை முழு உருவம் பெற்ற இடம் அமெரிக்கா. ஆகவே பேச்சும் அங்கிருந்துதான்.

2

இணையம் வந்ததால் இதெல்லாம் வந்தது என்பது பாமரத்தனமான பார்வை. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் நகரில் 1891இல் தாமஸ் ஃபாஸ்டர் என்கிற பத்திரிகையாசிரியர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அஞ்சல் வழிப் பாடம் ஒன்றைத் தொடங்கினார். சுரங்க விபத்துக்கள் மலிந்திருந்த காலம். மேற்பார்வை வேலைக்கு வர விரும்புகிறவர் தேர்வெழுதித் தேற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. நிலத்துக்கடியில் பத்து வருஷம் கிடந்த அனுபவம் தொழிலாளியிடம் இருந்தது. தேர்வெழுதுகிற மொழி அவனிடம் இல்லை. ஃபாஸ்டரின் பத்திரிகையில் கேள்வி-பதிலாகத் தொடங்கியது பாடமாயிற்று; பாடம் 'இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ்' என்கிற கம்பெனியாயிற்று. ஊர் ஊராகச் சுற்றிய விற்பனை ஏஜெண்டுகள் லட்சக்கணக்கானோரைத் தவணை முறையில் சேர்த்தார்கள்.

சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். இணையவழிக் கல்வியை 1990களின் இறுதியில் கடுமையாக விமர்சித்த வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் இந்தப் பழைய அஞ்சல் வழிக் கம்பெனிகளின் கணக்கைத் தோண்டி எடுத்தார். மாணவன் பாதியில் விடுவது கம்பெனிக்கு நஷ்டம் அல்ல. பணம் முன்பே வந்தாயிற்று. இனி அவனுடைய விடைத்தாளைத் திருத்தக் கூலி தர வேண்டியதில்லை. கையில காசு, ஆனால் வாயில தோசை போட வேண்டிய அவசியமில்லை. மாணவனின் தோல்வியே லாபமாக மாறுகிற இந்த எந்திரம் இணையத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது.

3

இப்போது ஃபீனிக்ஸுக்கு வருவோம். இதை நிறுவிய ஜான் ஸ்பெர்லிங் (1921–2014) பரம்பரை முதலாளி அல்ல. மிசௌரி மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வணிகக் கப்பலில் வேலை பார்த்தபோதுதான் உருப்படியாக வாசிக்கத் தொடங்கினார். பிறகு கேம்பிரிட்ஜில் பொருளாதார வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவின் சான் ஹொசே அரசுக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆசிரியர் சங்கத் தலைவராக 1960களின் இறுதியில் ஒரு வேலைநிறுத்தத்தை நடத்தித் தோற்றார்.

1970களின் தொடக்கத்தில் போலீஸ்காரர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சிறார் குற்றம் பற்றி அவர் வகுப்பெடுத்தார். வந்தவர்கள் எங்களுக்குப் பட்டமும் வேண்டும் என்றார்கள். கல்லூரி நிர்வாகத்திடம் திட்டத்தைக் கொண்டுபோனார், மறுத்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறவன் எதற்குப் பட்டப்படிப்புக்கு வர வேண்டும் என்பது அன்றைய பல்கலைக்கழகத்தின் மனோபாவம். பகல் பத்து மணிக்கு வகுப்பு, மூன்று மணிக்கு மூடிவிடும் அலுவலகம், கோடையில் நீண்ட விடுமுறை. இந்தக் கால அட்டவணையே ஒரு வர்க்கத்தின் வாழ்க்கையை இயல்பானதாகப் பாவித்து எழுதப்பட்டதுதான். கதவில் 'தொழிலாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்ட வேண்டியதில்லை, அட்டவணையே போதும்.

ஸ்பெர்லிங் 1976இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தன் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1978இல் அங்கீகாரம் கிடைத்தது. இருபத்துமூன்று வயது நிரம்பி, வேலையில் இருப்பவர்கள்தான் சேரலாம். வாரத்தில் ஒரு நாள் மாலை வகுப்பு. ஒரு நேரத்தில் ஒரு பாடம். ஐந்தாறு வாரங்களில் அது முடியும். வேலையில் கற்ற அனுபவத்துக்கும் மதிப்பெண் உண்டு. இதையெல்லாம் சதி என்று ஒதுக்கிவிட முடியாது. உழைக்கிறவரின் நேரத்தை, அவருடைய அனுபவத்தைப் பல்கலைக்கழகம் மதிக்க வேண்டும் என்கிற கோரிக்கை இடதுசாரிகள் வைத்திருக்க வேண்டியது. அதைச் சந்தை எடுத்துக்கொண்டது. விலையும் இருந்தது: நிரந்தரப் பேராசிரியர் கிடையாது, பாடத்திட்டம் தலைமையகத்தில் தயாராகும், ஆசிரியர் பகுதிநேரக் கூலி. சங்கத் தலைவராக இருந்தவர் சங்கமே முளைக்க முடியாத பல்கலைக்கழகத்தைக் கட்டினார்.

1989இல் கணினி வழி வகுப்புகள் தொடங்கின. 1994இல் தாய்க் கம்பெனியான அப்பல்லோ குரூப் பங்குச் சந்தைக்குப் போனது. இங்கிருந்து கதை வேறு.

4

வேறு என்று சொல்லக் காரணம் பணம் வந்த வழி. இந்த லாபப் பல்கலைக்கழகங்கள் தனியார்துறை என்று பேசப்படுகின்றன. உண்மையில் இவை அரசுப் பணத்தில் வாழ்பவை. 1944இல் ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்வி உதவி தரும் சட்டம் வந்ததும் லாபப் பள்ளிகள் காளான்களாக முளைத்தன. முறைகேடுகள் அம்பலமாகி, 1952இல் கொரியப் போர் வீரர்களுக்கான சட்டம் ஒரு நிபந்தனை போட்டது. மாணவர்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் அரசு உதவியில் படிப்பவர்களாக இருக்கக் கூடாது. சொந்தக் காசு கொடுத்துப் படிக்க யாராவது வருகிறார்களா பார்ப்போம் என்கிற சோதனை இது.

1972இல் நடந்த மாற்றம்தான் அடிப்படையானது. அந்த ஆண்டின் கல்விச் சட்டத் திருத்தம் ஏழை மாணவருக்கான உதவித்தொகையை நிறுவனத்துக்குத் தராமல் மாணவர் கையில் தந்தது; அவர் அதை எடுத்துக்கொண்டு லாபக் கல்லூரிக்கும் போகலாம் என்றது. கேட்க முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நகர்த்தலில் மாணவர் நுகர்வோராகிறார். ஏழை, அரசுப் பணம் பாய்ந்து போகிற குழாயாகிறார். உதவித்தொகை போதாத இடத்தைக் கடன் நிரப்பியது. கல்விக் கடனைத் திவால் வழியாகத் தள்ளுபடி செய்துகொள்வதற்கு 1976இல் வந்த கட்டுப்பாடு 1998இல் ஏறக்குறைய முழுத் தடையானது. 2005இல் தனியார் கடனுக்கும் அது நீண்டது. சூதாட்டத்தில் தோற்றவன் திவாலாகலாம். படித்துத் தோற்றவன் ஆக முடியாது.

1992இல் நாடாளுமன்றம் சில தடுப்புகளைப் போட்டது. ஆள் பிடித்துத் தருகிற எண்ணிக்கைக்குக் கமிஷன் கூடாது. பாதிக்கு மேல் தொலைவழியில் நடத்தும் நிறுவனத்துக்கு மைய அரசின் உதவி கிடையாது. வருமானத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் அந்த உதவியாக இருக்கக் கூடாது. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 1998இல் 85 என்பது 90 ஆயிற்று. 2002இல் கமிஷன் தடையில் விதிவிலக்குகள் புகுந்தன. 2006இல் தொலைவழி வரம்பு எடுக்கப்பட்டது. 2010 வாக்கில் ஃபீனிக்ஸில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். தொழில்நுட்பத்தின் வெற்றி என்று எழுதப்பட்ட இந்த வளர்ச்சியில் இந்தச் சட்டத் திருத்தங்களுக்குப் பெரும் பங்குண்டு.

5

2012இல் செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான குழு 30 கம்பெனிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதன் கணக்கை அப்படியே தருகிறேன். 2009இல் இந்தக் கம்பெனிகள் விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் செலவிட்டது 420 கோடி டாலர். லாபமாக எடுத்தது 360 கோடி. கற்பித்தலுக்கு 320 கோடி. 2010இல் ஆள் சேர்க்க இருந்தவர்கள் 35,202 பேர். படித்தவர்களுக்கு வேலை தேடித்தர இருந்தவர்கள் 3,512 பேர். 2008–09இல் சேர்ந்தவர்களில் 54 விழுக்காட்டினர் 2010 நடுப்பகுதிக்குள் பட்டமில்லாமல் வெளியேறியிருந்தார்கள். ஸ்க்ரான்டனின் எந்திரம்தான், எண்ணெய் மட்டும் புதுசு.

ஐடிடி என்கிற கம்பெனியின் ஆள் சேர்ப்புப் பயிற்சித் தாள் ஒன்றை அக்குழு வெளிக்கொணர்ந்தது. அதற்குப் பெயர் 'வலிப் புனல்'. தொலைபேசியில் பேசுகிறவர் முதலில் பொதுவாக ஆரம்பித்து, படிப்படியாக எதிர்முனையில் இருப்பவரின் தோல்வி, அவமானம், கைவிடப்பட்ட உணர்வு என்று கீழே கீழே இறக்கிக்கொண்டு போக வேண்டும். வலி உச்சத்துக்கு வரும்போது சேர்க்கைப் படிவத்தை நீட்ட வேண்டும். வர்க்கமும் நிறமும் பாலினமும் ஒருவருக்குள் விதைத்த தாழ்வுணர்ச்சியைத் தோண்டியெடுத்து மூலப்பொருளாக்குகிற வேலை இது. கறுப்பினப் பெண்களும் ஒற்றைத் தாய்மார்களும் போரிலிருந்து திரும்பியவர்களும் இவர்கள் வலையில் அதிகம் விழுந்தது தற்செயல் அல்ல. ராணுவத்தினரின் கல்வி உதவி 90 விழுக்காட்டுக் கணக்கில் சேராது என்கிற ஓட்டை 2021இல்தான் சட்டப்படி அடைக்கப்பட்டது. அதுவரை ஒரு போர் வீரரைச் சேர்த்தால் இன்னும் பல ஏழைகளின் கடனுக்கு இடம் கிடைத்தது.

6

சரி, அப்படியானால் மதிப்பு என்ன?

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு. வணிகவியலில் இரண்டாண்டுப் படிப்புக்கு ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தில் 24,500 டாலர். அதே நகரத்தின் அரசு சமுதாயக் கல்லூரியில் 4,087 டாலர். பக்கத்திலேயே மலிவாக இருக்கும்போது ஏன் அங்கே போனார்கள், முட்டாள்களா என்று கேட்கலாம். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் வகுப்புகளை வெட்டியதில் மாணவர் எண்ணிக்கை லட்சக்கணக்கில் சரிந்தது. அங்கே வரிசையில் நின்றவருக்கு இடமில்லை. இங்கே பதினைந்து நிமிஷத்தில் ஒரு குரல் திரும்ப அழைத்து அன்பாகப் பேசியது.

இரண்டு லாபக் கல்லூரிகளில் ஆள் சேர்ப்பு வேலை பார்த்துப் பின்பு சமூகவியலாளரான ட்ரெஸி மெக்மில்லன் காட்டம் 2017இல் எழுதிய 'லோயர் எட்' நூலின் வாதம் இங்கு முக்கியமானது. முன்பு வேலை கொடுத்தவர் செலவு செய்து பயிற்சி தந்தார். இப்போது அந்தச் செலவும் அபாயமும் தொழிலாளியின் தலையில். நேற்றுவரை பட்டமில்லாமல் பார்த்த வேலைக்கு இன்று பட்டம் கேட்கிறார்கள். வேலை மாறவில்லை, நுழைவுச்சீட்டின் விலை ஏறிவிட்டது. கற்பதும் சான்றிதழ் பெறுவதும் வேறுவேறு என்று இவான் இல்லிச் 1971இலேயே வாதிட்டார். லாபப் பல்கலைக்கழகம் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதோடு நிற்காமல், சான்றிதழ் மீதான பயத்தை முதலீடாக்கியது.

தொலைவழி என்கிற ஊடகத்தின் மேல் பழி போடுவதும் சரியல்ல. பிரிட்டனில் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த திறந்தவெளிப் பல்கலைக்கழகம் இதே உழைக்கும் வயதினருக்காக வானொலி, தொலைக்காட்சி வழியாகக் கற்பித்தது, அரசு நிதியில். அதே 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. குமாஸ்தாக்களும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்களும் அப்படித்தான் படித்தார்கள். பாடத்தின் தரம் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். ஆனால் பாதியில் விட்டவருக்குப் போனது அந்த வருஷத்துக் கட்டணம்; ஆயுளுக்கும் துரத்துகிற கடன் அல்ல. எடை போட வேண்டிய அளவுகோல் இங்கேதான் இருக்கிறது. ஒரு கல்வி நிறுவனம் யாரை உள்ளே விடுகிறது என்பதோடு, உள்ளே வந்து தோற்பவரை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். உழைக்கிறவர் படிப்பைப் பாதியில் விடுவது சகஜம்: பிள்ளைக்குக் காய்ச்சல், ஷிஃப்ட் மாற்றம், வேலை போய்விடுவது. அந்தச் சகஜத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிற நிறுவனம், முடித்தவர்களுக்கு எவ்வளவு நன்மை செய்திருந்தாலும், உழைப்பவருக்கான பல்கலைக்கழகம் அல்ல. முடித்துப் பதவி உயர்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள்தான். அந்தப் பதவி உயர்வுக்கு அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்து காணாமல் போனவரும் விலை கொடுத்திருக்கிறார்.

7

2015 பிப்ரவரியில் கொரிந்தியன் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்கள் பதினைந்து பேர் கடனைக் கட்ட மாட்டோம் என்று அறிவித்தார்கள். கடன் வேலைநிறுத்தம். இரண்டு மாதத்தில் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பதினைந்து பேர் நூற்றுக்கணக்கானார்கள். தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்களைக் 'கடனாளிகள்' என்கிற ஒரு கூட்டாக அறிந்துகொண்டதுதான் இதில் நிகழ்ந்த அரசியல். 2022 ஜூனில் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு ரத்து செய்வதாக அறிவித்தது. பெரிய கம்பெனிகளோடு தனக்கு உறவிருப்பதாக விளம்பரம் செய்து ஏமாற்றியதாக எழுந்த வழக்கில் ஃபீனிக்ஸ் 2019இல் 19.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

லாபக் கல்லூரிகள் ஒழிந்தன, அரசுக் கல்வி வென்றது என்று முடித்துக்கொள்ள முடியாது. 2018இல் கப்லான் பல்கலைக்கழகத்தை பர்டூ என்கிற அரசுப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. 2023இல் ஃபீனிக்ஸை வாங்க ஐடஹோ பல்கலைக்கழகம் முன்வந்தது. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பின் 2025இல் அது கைவிடப்பட்டது. பேர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல, இணையவழிப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் வேலையைக் கம்பெனிகளிடம் கொடுத்துக் கட்டணத்தில் பாதியைப் பங்கு தந்திருக்கின்றன. ஸ்பெர்லிங்கைப் போலீஸ்காரர்களுக்குப் பட்டமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய அரசுப் பல்கலைக்கழக உலகம், அரை நூற்றாண்டு கழித்து அவருடைய கடையை விலை பேசியிருக்கிறது. மாலை வகுப்பும் அனுபவத்துக்கு மதிப்பெண்ணும் கேட்டு வந்த உழைப்பாளியைக் கடனில்லாமல் உள்ளே விடுவது எப்படி என்கிற 1970களின் கேள்விக்கு மட்டும் அது இன்னும் பதில் சொல்லவில்லை.